லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் குடியிருந்த வீடு

நகைக்கடைத் திருட்டு வழக்கில் லிஃப்ட் மெக்கானிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இன்ஸ்பெக்டரின் குரலில் இருந்தது. இதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர்கள் மேலே நிற்கும் கூட்டாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. குரல் கொடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அப்படிக் கத்திப் பழகிய மெக்கானிக்கின் கணீர்க் குரல் எல்லா மாடிகளுக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருடையது கட்டைக் குரல். அவரிடம் திட்டு வாங்காத தெருவே கிடையாது.

வைர நெக்லஸ் காணாமல்போன அன்று அந்தக் கடையில் லிஃப்ட் பழுது பார்த்தவர் மெக்கானிக் என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் இல்லை. கைது என்று எங்கேயும் எழுதாமல், ஸ்டேஷன் பின்னறையில் வைத்து அடித்தார்கள். "நான்தான் எடுத்தேன்னு சொல்லுடா" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிச் சொல்லி, மூன்றாம் நாள் மதியம் அந்த வாக்கியம் சொன்னவரின் குரலோடு சேர்ந்தே மெக்கானிக்கின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடம் பறிபோன மெக்கானிக்கின் குரல் இன்ஸ்பெக்டரின் தொண்டையில் குடியேறியது. டீ கொண்டுவரச் சொல்ல வாயைத் திறந்த இன்ஸ்பெக்டர், "நான் எடுக்கலைங்க" என்றார். ஏட்டு டீ கொண்டுவந்தார்.

கோர்ட்டில் நிறுத்தியபோது, போலீஸ் மீது புகார் உண்டா என்று மாஜிஸ்திரேட் வழக்கம்போலக் கேட்டார். மெக்கானிக்கின் வீங்கிய உதடு அசைந்தது. "ஒண்ணுமில்லைங்க ஐயா, நானாத்தான் ஒத்துக்கிட்டேன்" என்றது கட்டைக் குரல். இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். இது யார் குரல் என்று இங்கே சுவரில் இருக்கும் பல்லிக்குக்கூடத் தெரியும் என்று இலவச சட்ட உதவி வக்கீல் சத்தம் போட்டார். வாய் யாருடையது என்பதுதான் முக்கியம், குரலுக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். இவ்வளவுக்கும் அவர் செவிடு அல்ல. கடைசி வரிசையில் ஒரு செல்போன் முனகினால் ஆளை வெளியே அனுப்புகிறவர். நினைத்தால் வயிறு எரிகிறது.

விசாரணை முழுக்க இன்ஸ்பெக்டருக்குத் தொண்டைப் புண் என்று டாக்டர் சான்றிதழ் வந்தது. அவருக்குப் பதில் சப்-இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார். மெக்கானிக்குக்கு ஏழு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். மறு வருஷம் கடையின் ஷோகேஸைப் பிரித்தபோது நெக்லஸ் பின்பலகையில் சிக்கிக் கிடந்தது. எடுத்தவனே எடுத்தேன் என்ற பிறகு நகை எங்கே கிடைத்தால் என்ன என்று மேல்கோர்ட் மனுவைத் தள்ளியது. இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு கொடுத்து, பேசத் தேவையில்லாத மேஜை வேலையில் உட்கார வைத்தார்கள்.

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனால், மெக்கானிக் கம்பி வலையில் விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். வாயைத் திறந்தால் பெற்ற மகளிடமே "நான்தான் எடுத்தேன்" என்று அந்தப் பாழாய்ப்போன குரல் சொல்லிவிடும். தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி ஒருநாள் பொறுத்தது போதும் என்று மகளை அழைத்துக்கொண்டு நேரே இன்ஸ்பெக்டரின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். காவலுக்கு நின்றவர் தடுத்தார். சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டரே வாசல் கேட்டுக்கு வந்தார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, "அப்பா" என்றாள்.

"சாப்பிட்டியாடா கண்ணு?" என்றது இன்ஸ்பெக்டரின் வாய். அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவே அந்தக் குரல், கணக்கில் இன்னும் வகுத்தல் தகராறு பண்ணுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

"கையை எடுங்க சார்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "அவர் பேசி முடிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் கையை எடுத்தார். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டதும் அவர் கேட்டுக்கு வந்து, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். மகள் நடைபாதையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், அப்பா சொல்லித் தருகிறார். தண்டனையில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி.