குழம்புப் பானைக்குப் பின்னால் போன ஆறு

போர் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மக்தலேனா ஆறு தன் படுகையை விட்டு எழுந்து பெர்பெத்துவாவின் குழம்புப் பானைக்குப் பின்னால் நடந்து போனது. பூவர்த்தோ காய்மான் ஊரில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. அந்த வருடம் உப்பு விலை ஏறியதையும் பாதிரியாருக்கு முன்பல் விழுந்ததையும் சொல்லும் அதே மூச்சில் இதையும் சொல்வார்கள். அவள் கைச் சமையல் ஆற்றுக்குப் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை போட்ட நாளிலிருந்து, கெளுத்தியும் வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வெந்து பானை இறங்கியதும் முதல் கரண்டி ஆற்றுக்குத்தான். ஆறும் நேரம் தவறாமல் படியேறி வந்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போகும். இரண்டாம் கரண்டி அவள் புருஷன் ஹசின்தோவுக்கு. நீராவிக் கப்பல்களை மணல் திட்டில் மோதாமல் ஓட்டிப் போகிற வேலை அவனுக்கு. "உனக்கு மோதிரம் போட்டது நானா, இந்த ஆறா?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பான். "நீ மாசத்துல பாதி நாள் ஊர்லயே இல்ல. அது என்னை விட்டுட்டு எங்கயாவது போயிருக்கா?" என்பாள் அவள். அவன் தட்டை இழுத்துச் சாப்பிடுவான்.

அப்போது நாடு சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று இரண்டாகி வெட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கம் நீலம். தலைநகரம் மலை மேலே. கடற்கரையிலிருந்து துப்பாக்கி மேலே ஏறவும் மலையிலிருந்து காப்பி கீழே இறங்கவும் ஆற்றை விட்டால் வேறு பாதை கிடையாது. அந்த ஆறு பூவர்த்தோ காய்மானில்தான் இடுப்பைச் சுருக்கிக்கொண்டு செம்மண் மேட்டின் அடியை உரசிப் போகும். மேட்டில் நிற்பவன் சுருட்டுத் துண்டைச் சுண்டினால் கப்பல் தளத்தில் விழும். அதனால்தான் கொசுவைத் தவிர எதுவும் விளையாத அந்த ஊருக்காக இரண்டு படைகளும் உயிரைக் கொடுத்தன. சிவப்பு வந்தால் ஊர்க்காரர்கள் கதவுக்குச் சிவப்பு அடித்தார்கள், நீலம் வந்தால் நீலம். மூன்றாவது முறை அலுத்துப்போய், மிஞ்சிய இரண்டு சாயத்தையும் கலந்து எல்லாக் கதவுக்கும் ஊதா அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். நீலப்படை பின்வாங்கியபோது ஹசின்தோவின் கையைக் கட்டித் தங்கள் பீரங்கிக் கப்பலை ஓட்ட இழுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவனுடைய கரண்டிக் குழம்பைப் பெர்பெத்துவா யாருக்கும் ஊற்றவில்லை. அது பானையின் அடியிலேயே கிடந்து ஆறிப்போனது.

பிறகு சிவப்புப் படையின் ஜெனரல் பராவோனா காளைகள் இழுத்த ஒரு பீரங்கியோடு வந்து மேட்டைப் பிடித்தார். போருக்கு முன் வக்கீலாக இருந்தவர். ஆள் கெட்டவர் இல்லை, பேச்சுதான் கொஞ்சம் நீளம். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், கரண்டியோடு படியிறங்கப் போன பெர்பெத்துவாவைத் தடுத்தார். "ஜெனரல் பசியோட உக்காந்திருக்கேன், நீ தண்ணிக்குப் பரிமாறப் போறியா? மொத தட்டு இங்க வை." வைத்தாள். ஆறு படியேறி வந்தது, ஜெனரலின் தட்டைப் பார்த்தது, இறங்கிப் போனது. சாயங்காலத்துக்குள் அது ஒரு துடுப்பு தூரம் உள்வாங்கிவிட, சிவப்புப் படையின் தோணிகள் எல்லாம் சேற்றில் குந்தின. கோடை என்றார் ஜெனரல். மறுநாள் பெர்பெத்துவா யாருக்கும் தெரியாமல் இரண்டு கரண்டி ஊற்றினாள். ஆறு பழைய இடத்துக்கே வந்தது. அவள் அதை மனதில் போட்டு வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஜெனரல் நல்ல குஷியில் இருந்தார். மேஜை மேல் கரண்டியை வைத்தார், பக்கத்தில் உப்புக் கிண்ணத்தை வைத்தார்.

"இங்க பாரும்மா. இந்தக் கரண்டிதான் ஆறு. கிண்ணம் நம்ம மேடு. இந்தக் கழுத்துகிட்ட உக்காந்தவன் கையில நாட்டோட குடுமி. நாளைக்கு நீலக்காரன் பீரங்கிக் கப்பல் வருது. ஒரே குண்டு, கதை முடிஞ்சுது."

"கப்பல ஓட்டுறது யாரு, ஜெனரல் ஐயா?"

"எவனோ ஹசின்தோவாம். கெட்டிக்காரன்னு பேசிக்கிறாங்க."

"அவரு என் வீட்டுக்காரரு" என்றாள்.

ஜெனரல் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தார். "மனசுக்குக் கஷ்டமாத்தாம்மா இருக்கு. அதுக்காக மேட்ட நகர்த்த முடியுமா?"

"மேட்ட யாரு நகர்த்தச் சொன்னா?" என்று சொல்லிவிட்டு அவள் கிழங்கு உரிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் கடையிலிருந்த பெரிய பானையை ஏற்றினாள். கொத்தமல்லியை அள்ளிப் போட்டாள், எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்தாள். வெந்ததும் ஆற்றுக்கு ஊற்றாமல் பானையைச் சும்மாட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். ஆறு படியேறி வந்து காலியான அடுப்பைப் பார்த்தது. பிறகு தலையும் காலும் இருந்த இடத்திலேயே இருக்க, நடு உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வாசனையின் பின்னால் கிளம்பியது. தோணிகளையும் கொக்குகளையும் இரண்டு முதலைகளையும் கையோடு கொண்டு போனது. சனங்கள் நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போட்டு வழிவிட்டார்கள். கோயிலை மட்டும் அது சுற்றிக்கொண்டு போனது.

"ரெண்டு பேரும் எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார் வாசலில் நின்ற பாதிரியார்.

"வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரப் போறோம், ஃபாதர்."

ஆறு தயங்கிய இடத்திலெல்லாம் ஒரு கரண்டி ஊற்றினாள். மேய்ச்சல் நிலம் தாண்டி, எந்தப் பீரங்கிக்கும் எட்டாத சதுப்புக்கு வந்ததும் பானையை இறக்கினாள். ஆறு அங்கேயே படுத்துக்கொண்டது.

மேட்டில் ஜெனரல் பராவோனா பீரங்கியோடு காத்திருந்தார். கீழே வெறும் மணல். அதில் பன்றிகள் உலாவின. அவர் ஒரு மாதம் அந்த மணலைக் காவல் காத்துவிட்டு, காளைகளைப் பூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நீலப்படையும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அதன்பின் பூவர்த்தோ காய்மானுக்காக ஒருவரும் சாகவில்லை. ஊர் தன் ஊதாக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு புதுக்கரைக்குக் குடிபோனது.

அந்த வெள்ளிக்கிழமை கப்பல் திருப்பத்துக்கு வந்தபோது, "நேரா விடுடா!" என்று நீலக் கேப்டன் கைத்துப்பாக்கியை நீட்டிக் கத்தினான். "நேரா மணல்தான் இருக்கு, கேப்டன். ஆறு போற பக்கம் போறதுதான் என் பொழப்பு" என்ற ஹசின்தோ மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினான். எலுமிச்சை வாசனை கெட்டியாக வந்த இடத்தில் கப்பலைப் பதமாகச் சேற்றில் ஏற்றி நிறுத்தினான். வழி பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கியவன் திரும்பிப் போகவே இல்லை.

பெர்பெத்துவா பானைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அழுதாள். அழுதுகொண்டே பானையின் அடியில் மிச்சம் வைத்திருந்த ஒரே கரண்டியை வழித்தெடுத்தாள்.

"ஆறு எங்கயும் போகாதுன்னு சொன்னியே" என்றான் ஹசின்தோ.

"நீ வர வழியில்ல. அதான் அதக் கூட்டிட்டு வந்தேன். இந்தா, சாப்பிடு."

அவன் கரண்டியை வாங்கினான். ஆற்றைப் பார்த்தான்.

"மொதல்ல அது சாப்பிடட்டும். பாவம், இவ்வளவு தூரம் நடந்திருக்கு" என்று கரையில் குனிந்து கரண்டியை நீட்டினான். ஆறு பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவனுக்குக் கரண்டியிலேயே விட்டுவைத்தது.