அறிக்கை ரெடியா?

அந்தத் தொழிற்சாலையில் எந்த விபத்து நடந்தாலும், அது நடப்பதற்கு முன்பே மக்கள் தொடர்பு அதிகாரிக்குப் பத்திரிகையிலிருந்து போன் வந்துவிடும். "உங்க கம்பெனியில கிரேன் சாஞ்சிருச்சாமே மேடம், என்ன சொல்றீங்க?" என்று நிருபர் கேட்பார், ஜன்னல் வழியே பார்த்தால் கிரேன் நிமிர்ந்து நிற்கும். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் சாய்ந்துவிடும். நிருபர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்த செய்தி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள்.

முதல் தடவை அவள் எம்.டி.யின் அறைக்கு ஓடியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அறிக்கை ரெடியா?" மற்ற கம்பெனிகள் விபத்துக்குப் பிறகு வார்த்தை தேடி அலைய, இங்கே கிரேன் விழுந்த தூசி அடங்குமுன் வருத்தம் தெரிவித்தாகிவிட்டது. அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. மக்கள் தொடர்பு என்றால் கைகுலுக்கலும் பூங்கொத்தும் என்று நினைப்பவர்கள் அவளோடு ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் எழுதும் நாலு வரியை வக்கீல் இரண்டாக்குவார், கணக்கு மேலாளர் அதிலும் பாதியை அடிப்பார், எம்.டி. தன் புகைப்படத்தைச் சேர்க்கச் சொல்வார். கடைசியில் யாருக்கும் எதுவும் சொல்லாத ஒரு தாளை, "ஒரு ஓரமாவது போடுங்க சார்" என்று பத்திரிகைக்காரர்களிடம் கெஞ்ச வேண்டும். குளிக்கப் போனாலும் போன் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்தான். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவாள். அதே தொழிற்சாலையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்த அவள் கணவர், "நீ இந்தப் போனைத்தான் கட்டியிருக்கணும்" என்று கேலி செய்வார். இத்தனை வருஷத்தில் ஒரு விபத்தைக்கூட யாரும் தடுக்கவில்லை. அவளும்தான். எல்லோருக்கும் அறிக்கை வேலையே சரியாக இருந்தது.

அதுவரை கை முறிவு, கால் முறிவோடு போயிருந்தது. ஒரு காலை நிருபர் அழைத்தார். "கொதிகலன் வெடிச்சிருச்சாமே மேடம். நாலு பேர் போயிட்டாங்களாம். ஒருத்தர் பேருதான் கிடைச்சிருக்கு." அவர் வாசித்த பெயர் அவள் கணவருடையது.

அவள் கணவரை அழைத்தாள், கொதிகலன் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது எங்கோ பெட்டிக்குள் பூட்டிக் கிடந்து அடித்தது. எம்.டி.யிடம் ஓடினாள். வக்கீலும் அங்கே இருந்தார். "வெடிச்சதுன்னு எழுதாதீங்க, பழுதுன்னு போடுங்க" என்றார் அவர்.

"அவரு உள்ள இருக்காரு சார்! நிறுத்தச் சொல்லுங்க!"

"இன்னும் நடக்காத ஒண்ணுக்கு வேலையை நிறுத்தினா பத்திரிகைக்கு என்னம்மா காரணம் சொல்றது?" என்றார் எம்.டி., நிஜமான கவலையோடு. வக்கீலுக்குத்தான் மனசு இளகியது. "பாவம், சொந்த வீட்டு விஷயம். இந்த அறிக்கையை மட்டும் வேற யாராவது எழுதட்டுமே."

அவள் அறையில் ஒரு மைக் உண்டு. எம்.டி.யின் பிறந்தநாளுக்கு வாழ்த்து வாசிப்பதற்காகத் தொழிற்சாலை முழுக்க ஒலிபெருக்கிகளோடு இணைத்திருந்தார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைப் போட்டாள். "கொதிகலன் வெடிச்சிருச்சு. எல்லாரும் வெளிய வாங்க." யாரும் திருத்தாமல் அவள் வெளியிட்ட முதல் அறிக்கை அதுதான். குரல் நடுங்கியது, நடுங்கியதால்தான் நம்பினோம் என்று பிற்பாடு தொழிலாளர்கள் சொன்னார்கள். அவள் வாசலுக்கு ஓடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கணவர் கடைசி ஆளாகக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன கூத்து இது? எங்க வெடிச்சிருக்கு?" என்று அவர் சத்தம் போட்டபோது, அவருக்குப் பின்னால் கூரை எழும்பிப் போனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.

நிர்வாகத்தின் முன்னெச்சரிக்கையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதாக மறுநாள் எம்.டி.யின் புகைப்படத்தோடு செய்தி வந்தது. அனுமதி பெறாமல் அறிக்கை வெளியிட்டதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். தன் செய்தி பொய்த்துப்போனதில் நிருபருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் முதல் மணியிலேயே போனை எடுக்கிற ஆள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான் என்பதால், இப்போது ஊரில் எது நடந்தாலும் அவளையே அழைக்கிறார். அவள் வீட்டில் மணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைக்கிறாள், பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைக்கிறார், தெருவே அவள் ஜன்னலைப் பார்க்கிறது. கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்கிறார்.