கீழ் மடிப்பு

தெருவில் அவரைக் 'கண்ணளவு மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் டேப் தொங்கும். ஆனால் வாசலில் ஆள் வந்து நின்றதுமே, தோள் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று மனதுக்குள் துணியை வெட்டியே முடித்துவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கல்தான்.

அன்று காலை அவர் மனைவி ஒரு நைட்டியோடு தையல் மெஷின் அருகே வந்து நின்றாள்.

"தரையில இழுபடுதுங்க. தடுக்கி விழப் பாத்தேன். கொஞ்சம் மடிச்சுக் குடுங்க."

"இப்பதானே மடிச்சேன்? துணி வளருதா, இல்ல நீ குள்ளமாகிறியா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு, கீழ் மடிப்பை இன்னும் ஏற்றித் தைத்துக் கொடுத்தார். அவளும் சிரித்தாள். சிரித்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் குடலில் அழற்சி நோய். வருவதும் அடங்குவதுமாக வருடக்கணக்கில் இருந்தது. ஒருமுறை ரத்தமாகப் போனபோது டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு வந்து காட்டச் சொன்னார். மாத்திரைக்கு நோய் சட்டென்று கேட்டது. இவர்கள் காட்டப் போகவில்லை. அதன்பிறகு அவளுக்கு எப்போது வயிறு கலங்கினாலும் மாஸ்டர் பழைய சீட்டோடு மருந்துக் கடைக்கு ஓடிவிடுவார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளைக் காக்க வைக்காமல் தாங்குகிறோம் என்று நினைப்பு. பாவம், அன்புதான் அது. வயிற்றைக் கெடுக்கும் என்று அவளாகவே பாலையும் தயிரையும் விட்டிருந்தாள். முதுகு வலிக்குத் தைலம் இருக்கவே இருந்தது.

மறுவாரம், ஈரத்துணி வாளியைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அவள் போட்ட அலறலில் மெஷின் நின்றது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கு."

"ஒரு வாளி தூக்கினதுக்கா, டாக்டர்?"

"வாளி ஒரு சாக்கு. குடல்ல இந்த நோய் இருந்தா எலும்பும் தேயலாம். சத்து சரியா ஒட்டாது. அதோட ஸ்டீராய்டையும் கேட்பாரில்லாம முழுங்கினா எலும்பு உளுத்துப் போகும். இப்ப நீங்களா திடீர்னு நிறுத்திடவும் கூடாது, அதுவும் ஆபத்து. நான் குறைச்சுத் தரேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "இதுல பழைய முறிவும் தெரியுது. உயரம் குறைஞ்சிருப்பாங்களே, நீங்க கவனிக்கலையா?"

ஊருக்கெல்லாம் அளவு சொன்னவர், கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

வீட்டில் அவள் இடுப்புப் பட்டையோடு படுத்திருந்தாள். மாஸ்டர் அந்த நைட்டியை மடியில் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"மடிப்பை இறக்கறேன்."

"வேணாங்க. அமுங்கினது அமுங்கினதுதானாம். நான் பழைய உயரத்துக்கு வரப்போறதில்ல."

அவர் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். "உன் உடம்பு என்கிட்டதான் வந்து சொல்லிச்சு. நான் துணியைத் திருத்திக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள்.

"ரெண்டு பேரும்தான் ஏமாந்தோம். வயிறு அடங்கினா நோய் போச்சுன்னு நினைச்சோம். எலும்பு எப்படியிருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பழைய சீட்டை வச்சு நாமளே வைத்தியம் பாத்திருக்கக் கூடாது. இனிமே கடைக்கு யாராவது வந்து, முன்ன சரியா இருந்த துணி இப்ப இழுபடுது, மடிச்சுக் குடுங்கன்னு கேட்டா, துணியை வாங்குறதுக்கு முன்னாடி முதுகு வலிக்குதான்னு கேளுங்க."