பொரி தின்னாத மீன்

மீன் பொரி தின்கிறது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பொரி விற்கிறவளுக்கு மீன் பொரி தின்றால் என்ன கேடு என்று கேட்பீர்கள். சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகிற சாலையில், பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படாத ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. அதன் குளத்துப் படியில் வருஷக்கணக்காகப் பொரி விற்கிறவள் நான். பெயர் அம்சா. சாமி கும்பிட்டு வருகிறவர்கள் ஒரு பொட்டலம் வாங்கி இறைத்தால் போதும், ஜிலேபி மீன்கள் தண்ணீரே தெரியாமல் மொய்க்கும்.

ஜிலேபியில் தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். கன்னம் உப்பியிருக்கும், மூக்குக்கு நேரே பொரி மிதந்தாலும் தொடாது. வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடுமே. நான் அதை விரதம் என்பேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குஞ்சுகளை வெளியே விடும். ஒரு நிழல் விழுந்தால் அத்தனையும் திரும்ப அம்மாவின் வாய்க்குள் ஓடிவிடும். நான் பெற்ற மகள்கூட என்னிடம் அப்படி ஓடிவந்ததில்லை.

இந்த வருஷம் என்ன வந்ததோ, விரதம் இருக்கிற மீனெல்லாம் மூன்றாம் நாளே கன்னம் ஒட்டிப்போய்ப் பொரிக்கு வந்து நிற்கின்றன. முட்டை எங்கே போனது? விழுங்கிவிட்டதா, துப்பிவிட்டதா? குளத்தில் ஒரு குஞ்சு இல்லை. இருக்கிற பெரிய மீன்களை நீர்க்காகம் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போகிறது. இப்படியே போனால் அடுத்த வருஷம் வெறும் தண்ணீருக்கா பொரி இறைப்பார்கள்? குளத்தில் மீன் இல்லை என்றால் படியில் அம்சாவும் இல்லை.

இத்தனைக்கும் குளம் இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது. சுத்தம் செய்ய வைத்ததே நான்தான்.

எனக்கு எதிர்ப்படியில் வீராசாமி என்று ஒருவர் உப்பும் மிளகும் விற்றுக்கொண்டிருந்தார். உடம்பில் மரு வந்தால் அதை வாங்கித் தலையைச் சுற்றி இந்தக் குளத்தில் போடுவது வேண்டுதல். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரையுமாம். நெசவுக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். விரலில் மரு இருந்தால் பட்டு இழை மாட்டிக்கொண்டு அறுந்துபோகும், தறியில் உட்காரவே முடியாது. காலம் காலமாக இப்படிக் கொட்டிக்கொட்டிக் குளத்துத் தண்ணீரே உப்புக் கரித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மீனுக்கு உப்புப் போட்டால் கருவாடுதான் வரும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கத்துவேன். வீராசாமி தலையைத் தூக்கமாட்டார். மிளகைப் பொட்டலம் மடித்துக்கொண்டே இருப்பார்.

போன வருஷம் குளத்தைத் தூர் வாரினார்கள். மீன்களை ஒரு மூலையில் பள்ளம் வெட்டி விட்டுவைத்து, பழைய தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளினார்கள். கோயில் கமிட்டி ஆனந்தகுமாரை நான் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து, குளத்தில் உப்புப் போடக் கூடாது என்று பலகை வைக்க வைத்தேன். உப்புக்கென்று ஒரு பிளாஸ்டிக் டிரம் வந்தது. டிரம்மில் போட்ட உப்பு எங்கே கரையும்? ஜனங்கள் உப்பு வாங்குவதையே விட்டுவிட்டார்கள். வீராசாமி சாக்கை மடித்துக்கொண்டு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மழையில் குளம் நிரம்பியது. தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் இந்தக் கூத்து. முதலில் பொரியைச் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினேன். அம்மனுக்கு ஏதோ குறை என்று கூழ் ஊற்றினேன். கடைசியில் புத்தி வீராசாமி மேல் போனது. பிழைப்பைக் கெடுத்தவள் மேல் ஆத்திரம் இருக்காதா? ஆள் ராத்திரியில் வந்து எதையோ கலந்துவிட்டுப் போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். பஸ் ஏறிப் போய், மில் வாசலில் லாரிக்காரர்கள் பார்க்கப் பார்க்க, என் மீனுக்கு என்ன வைத்தாய் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன்.

நான் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"உப்பு போட்டா மீனு சாவும்னு சொன்ன. சரின்னு எழுந்து வந்துட்டேன். இப்ப உப்பு இல்லாமயும் சாவுதுன்ற. நீ முதல்ல ஒரு முடிவுக்கு வாம்மா."

வந்த வழியே திரும்பி பஸ் ஏறினேன்.

எதிர்வீட்டு ஷாரோன் மீன்வளம் படிக்கிறவள். லீவுக்கு வந்திருந்தாள். அவளிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவள் குளத்து மீன்களைப் பிடித்துவரச் சொல்லி, என் வீட்டுக் கொல்லையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஜோடி ஜோடியாக விட்டாள். ஒன்றில் இப்போதைய குளத்துத் தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீரோடு கல்லுப்பு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பை நீங்களே போடுங்கள் என்றாள். என் கையால் மீனுக்கு உப்பா? முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டேன்.

வாரங்கள் போயின. இரண்டு டப்பிலும் தாய்கள் விரதம் பிடித்தன. நல்ல தண்ணீர் மீன் வழக்கம்போல மூன்றாம் நாள் பொரிக்கு வாயைப் பிளந்தது. உப்புத் தண்ணீர் மீன் வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. பொரி ஊறி அடியில் போய்ப் படிந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், அதன் முகத்தைச் சுற்றிக் கரும்புள்ளியாகக் குஞ்சுகள். என் நிழல் விழுந்ததும் அத்தனையும் வாய்க்குள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. உப்பில்தான் பிள்ளை பெறுவேன் என்று இந்த மீன் அடம்பிடித்தால் நான் எதைத்தான் நம்புவது?

ஷாரோன் நிதானமாகச் சொன்னாள். "ஆம்பள மீனோட விந்து தண்ணியில நீந்திப் போய்த்தான் முட்டைல சேரணும் ஆன்ட்டி. அந்த உப்புத் தண்ணியில எதுக்கு நல்லா நீந்துச்சோ, அதோட புள்ளைங்கதான் தலமுறை தலமுறையா தங்கியிருக்குது. மத்ததுங்களுக்கு வம்சமே இல்ல. இப்ப திடீர்னு நல்ல தண்ணி. அதுல நீந்தத் தெரியல போல. முட்டை கருவாவலன்னா அம்மா எவ்ளோ நாள் வாயில வெச்சுக்கினு இருக்கும்? முழுங்கிடும். இது என் யூகம்தான், மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் உறுதியா சொல்லலாம்."

ஆக, மருவுக்காகக் கொட்டிய உப்பு மீனின் வம்சத்தையே மாற்றியிருக்கிறது. அந்த உப்பைத்தான் நான் மல்லுக்கட்டி நிறுத்தியிருக்கிறேன். ஆனந்தகுமாரிடம் ஓடிப்போய்ப் பலகையை எடுக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வைக்கச் சொன்னதும் நீதானே, இனிமேல் கமிட்டி கூடித்தான் எடுக்க முடியும் என்றார். கமிட்டி ஆடித் திருவிழாவுக்குத்தான் கூடும். அதுவரை நீர்க்காகம் காத்திருக்குமா?

மறுபடி வாலாஜாபாத் பஸ். வீராசாமி என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், அடிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பார். திரும்பி வந்து உட்காருங்கள் என்றேன். ஏன் என்று சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவருக்குப் பாதி புரியவில்லை. எனக்கும்தான்.

"வர்றேன். ஆனா அந்தப் பலகைய பாத்துட்டு எவனும் உப்பு வாங்க மாட்டான். போடுங்கன்னு நீதான் சொல்லணும். உன் வாயால."

வெள்ளிக்கிழமை பலகைமேல் என் பொரி மூட்டையைச் சாய்த்து வைத்தேன். எழுத்து மறைந்தது. வீராசாமி எதிர்ப்படியில் சாக்கை விரித்தார். நான் எழுந்து நின்று, உப்புப் போடுங்கம்மா, குளத்திலேயே போடுங்க என்று கூவினேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு நெசவுக்காரம்மா நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீதானே கருவாடு வரும்னு கத்துன?"

"நான்தாம்மா. இப்ப போடு."

அவள் மருவிருந்த விரலோடு உப்பை அள்ளித் தலையைச் சுற்றிப் போட்டாள். கரைந்தது. அன்றிலிருந்து தினமும் தொண்டை வற்ற வீராசாமியின் உப்பைத்தான் கூவுகிறேன். என் பொரியைக் கூவ மறந்துபோகிறது.

இதற்கிடையில் கொல்லையில் இன்னொரு வேடிக்கை. உப்பில்லாத டப்பில் அந்த மீன் மறுபடி விரதம் பிடித்து, இந்தத் தடவை கடைசிவரை தாங்கி, மூன்றே மூன்று குஞ்சு விட்டிருக்கிறது. உப்பு வேண்டாம் என்று இதற்கு யார் சொன்னார்கள்? ஷாரோன் கைதட்டுகிறாள். இன்னொரு வம்சம் ஆரம்பிக்கிறதோ என்னவோ என்கிறாள். அந்த மூன்றையும் குளத்தில் விடலாமா, உப்பு ஆகுமா என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. டப்பை அப்படியே வைத்திருக்கிறேன்.

நேற்று ஒருவர் பொட்டலத்தை என்னிடமே நீட்டிச் சண்டைக்கு வந்தார். படியோரம் ஒரு மீன் நிற்கிறதாம், ஒரு வாரமாகப் போடுகிறாராம், தொடவே மாட்டேன் என்கிறதாம், பொரி கெட்டுப்போயிருக்கிறதாம். எட்டிப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது.

பொரி நல்ல பொரிதான் என்றேன். அவர் நம்பவில்லை. வேறொரு பொட்டலத்தைச் சும்மாவே கொடுத்து அந்தப் பக்கம் போய்ப் போடச் சொல்லிவிட்டு, படியில் என் நிழல் விழாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.