சேங்கொட்டைத் தழும்பு

போன வருஷம் அம்மை குத்த ஆள் வருவதற்கு முன்பே தேயிலைத் தோட்டத்துக் காளியாயி தன் மகள் லெட்சுமியின் தோளில் தழும்பை உண்டாக்கி வைத்துவிட்டாள். எப்படி என்கிறீர்களா? தோட்டத்துத் தோபி வீரய்யா துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை இருக்கிறதே, அதன் பாலை ஈர்க்குச்சியில் தொட்டு வைத்தாள். தோல் வெந்து, புண்ணாகி, ஆறியபோது அசல் அம்மை குத்திய தழும்பே அதனிடம் தோற்றது.

பெற்றவள் செய்கிற காரியமா இது? ஆனாலும் அவளை ஏச மனசு வரவில்லை. மூத்தவன் அழகனுக்கு அம்மை குத்திய எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. மூன்றே நாளில் பிள்ளை போய்விட்டான். அது வேறு காய்ச்சல் என்று தோட்டத்து மருந்துக்கார ஐயா தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவள் காதில் ஏறவில்லை.

இந்த வருஷம், 1958 மாசியில், இந்தியாவுக்குப் போய் இலங்கைக்குத் திரும்பிய மூக்கன் வீட்டில் பெரியம்மை கண்டது. அவன் மகள் மீனம்மாவுக்கு உடம்பெல்லாம் முத்து. மறுநாளே ஜெயரத்தினம் என்கிற அம்மை குத்தும் ஐயா பெட்டியோடு வந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்தார். தழும்பு இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி.

லெட்சுமியின் தோளைத் தடவிப் பார்த்தார். "இது நல்லாப் பிடிச்சிருக்கு. இவவுக்குத் தேவையில்லை. அடுத்த பிள்ளை!"

தப்பித்தோம் என்று காளியாயி பத்தடி நடந்திருப்பாள். இடுப்பில் இருந்த பிள்ளை சும்மா இருந்ததா?

"அம்மா, மீனா எப்ப வருவா? பிள்ளைக்காம்பராவுல நானும் அவளும் ஒரே பாயிலதான் படுத்திருந்தோம்."

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. காளியாயி திரும்பி ஓடினாள்.

"ஐயா, அது பொய்த் தழும்புங்க. சேங்கொட்ட வச்சேங்க. மூத்தவன் மாதிரி இவளும் போயிருவாளோன்னு பயந்துட்டேங்க. இப்ப அதவிடப் பயமா இருக்குங்க. குத்திருங்க!"

"அடி பாவி, தோட்டத்து மானத்த வாங்கிட்டியே!" என்று கங்காணி பழனியாண்டி கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

அப்போது, தன் மகனுக்கும் ஊசி தேவையில்லை என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த வீரம்மா நின்றாள். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து காளியாயிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏழு பிள்ளைகள்! எல்லாம் வீரய்யாவின் சேங்கொட்டை. கடைசியாகக் கங்காணியின் பெண்சாதியே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓங்கிய கை தானாக இறங்கிற்று.

ஜெயரத்தினத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "இந்தத் தோட்டத்தில அம்மை குத்தாத பிள்ளை ஒண்டும் மிச்சமில்லை எண்டெல்லோ போன வருஷம் எழுதிக் குடுத்தனான்."

லெட்சுமிக்குக் குத்திவிட்டுச் சொன்னார்: "எட்டு நாள் பார். குத்தின இடத்தில ஒரு கொப்புளம் எழும்பினால் பிடிச்சிட்டுது. மேலெல்லாம் எழும்பினால்..." மூக்கன் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

எந்தக் கொப்புளத்துக்குப் பயந்து ஓடினாளோ, அந்தக் கொப்புளம் எழும்பட்டும் மாரித்தாயே என்று காளியாயி தினம் விடிந்ததும் கும்பிட்டாள். ஐந்தாம் நாள் மீனம்மா செத்துப்போனாள். மூக்கன் போட்ட சத்தம் மூன்று லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்டது. காளியாயி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலையில் லெட்சுமியின் உடம்பு அனலாகக் கொதித்தது. அழகனுக்கும் எட்டாம் நாள்தான். சட்டையைக் கழற்றினாள். சேங்கொட்டைத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். முகத்தைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், முதுகு, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் தடவினாள். வேறு ஒன்றும் இல்லை. நம்பிக்கை வராமல் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். அன்று பூராவும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது.

"அம்மா, பசிக்குது."

காளியாயி ஓவென்று வாய்விட்டு அழுதாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டதாக்கும் என்று லயத்துச் சனமெல்லாம் ஓடி வந்தது.