ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்

பள்ளிக்கூடச் சுவரில் டாக்டர் எராசோ அட்டவணையை மாட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். எதெல்வினா தட்டவில்லை.

சோரோ அல்தோ என்ற அந்த மலையூரில் பதினெட்டுப் பேர் மூன்று, நான்கு அடியோடு நின்றுபோனவர்கள். பிறவியிலேயே அப்படி. வளர்ச்சிக்கான சுரப்பு உடம்பில் நிறைய இருக்கும். அதன் சொல்லை உடம்பு கேட்காது. எதெல்வினா அவர்களில் ஒருத்தி. நாற்பத்தாறு வயது, நூற்றுப்பதினான்கு சென்டிமீட்டர். வெள்ளிதோறும் கீழே டவுன் சந்தையில் வறுத்த நிலக்கடலை விற்பாள். இன்றும் வெள்ளி; கடலை மூட்டை காலடியில் இருந்தது.

"இருபத்திநாலு வருஷம் பாத்தாச்சு," என்றார் டாக்டர். தலைநகர் கீத்தோவிலிருந்து ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க வருபவர். "உங்க பதினெட்டுப் பேர்ல ஒருத்தருக்கும் புற்றுநோய் இல்ல, சர்க்கரையும் இல்ல. உங்க நெட்டைச் சொந்தக்காரங்களுக்கு ரெண்டும் வந்திருக்கு. உலகமே உங்களைப் பாத்துப் பொறாமைப்படுது."

"பொறாமைப்படுறவங்க வந்து ஒரு நாள் என் சட்டையைப் போட்டுப் பாக்கட்டும்," என்றாள் பின்னாலிருந்து ரோசெந்தா, எதெல்வினாவின் சித்தி மகள். வகுப்பறை சிரித்தது.

எதெல்வினா அட்டவணையின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். வேறு காரணங்களால் இறந்தவர்கள்: ஏழு. கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"அந்த ஏழு யாரு, டாக்டர்?"

"விபத்து, குடி, அந்த மாதிரி. நோய் இல்லையே, அதான் தனியா வெச்சிருக்கோம்."

"என் தம்பி லௌரோ அதுல இருக்கானா?"

அவர் தாளைப் புரட்டினார். "இருக்கார்."

செவிலி ரப்பர் பட்டையோடு காத்திருந்தாள். எதெல்வினா சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு ரத்தம் இல்ல."

ஊருக்கு ஒரே வண்டி வில்மானின் ரஞ்செரா. லாரியின் மேல் மரப்பெஞ்சுகள் வைத்து, பக்கங்களைத் திறந்து விட்டது. அதன் படி தரையிலிருந்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். குட்டை ஆட்கள் வந்தால் வில்மான் இறங்கி, அக்குளில் கைகொடுத்து, "ஊப்பா!" என்று தூக்கி வைப்பான். பால்குடிப் பிள்ளையைத் தூக்கும்போது சொல்லும் சொல். லௌரோவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. வில்மான் இறங்குவதற்குள் தானே ஏறப் பார்ப்பான். போன மழைக்காலத்தில் கடலை மூட்டையோடு அப்படித்தான் ஏறினான். முழுதும் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்தது, சக்கரத்துக்கு அடியில் போய்விட்டான்.

எதெல்வினா செவிலியின் அளவு நாடாவை வாங்கி ஜன்னல் திட்டை அளந்தாள். எண்பத்துமூன்று.

"நீங்க நூத்தியெண்பத்திரண்டுதானே, டாக்டர்? என் உயரத்துக்கு ஐம்பத்திரண்டுன்னா உங்களுக்கு எண்பத்துமூணு. கணக்கு சரியா?"

அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். "சரிதான்."

"இந்த மூட்டையைப் பிடிங்க. திட்டுல ஏறுங்க."

"எதெல், பெரிய மனுஷரை ஏண்டி படுத்துற!" என்றாள் ரோசெந்தா. ஆனால் பார்க்க வசதியாகப் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் ஒரு காலைத் தூக்கி வைத்தார். எம்பினார். மறு கால் தரையை விடவில்லை. இன்னொரு தரம் எம்பினார். பிறகு மூட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பற்றி ஏறிவிட்டார்.

"மூட்டையை விட்டுட்டீங்க. என் தம்பி விடல."

டாக்டர் இறங்கி முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியுது. ஆனா வண்டிக்குப் படி போடுறதுக்கு ஆராய்ச்சியில இடமே கிடையாது."

"அப்ப என் கையிலயும் இடம் கிடையாது."

அவள் வெளியே போனாள். மண்சரிவில் ஆராய்ச்சிக்காரர்களின் ஜீப் ஆற்றுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து ரத்தப் பெட்டி ரஞ்செராவில்தான் இறங்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பனிக்கட்டி சாயங்காலம்வரைதான் தாங்கும். எதெல்வினா முன்சக்கரத்துக்கு எதிரே மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, எந்திரிக்கா," என்றான் வில்மான். "படியைத் தாழ்த்தினா பாறையில இடிச்சுப் பிச்சுக்கிட்டுப் போயிடும். இந்த ரோடு உனக்குத் தெரியாதா?"

"சங்கிலியில தொங்க விடு. இடிச்சா மேல மடங்கும்."

"யாரு சொன்னா?"

"ஆறு மாசமா வேற எதை யோசிச்சேன்னு நினைக்கிற?"

வில்மான் ஹாரன் அடித்தான். அவள் கடலை உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள். "அவங்க கோவிச்சுக்கிட்டு இனிமே வரவே மாட்டாங்க," என்று ரோசெந்தா கத்தினாள். "என் பிள்ளைக்கு மருந்து யாரு குடுப்பா? நீயா?"

அவளுடைய சின்னவனுக்கு அடிக்கடி ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். டாக்டர்தான் மருந்து தருவார். எதெல்வினாவின் கை நின்றது. அது அவளுக்குத் தெரியாததல்ல.

"பிள்ளையை டவுன் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போற?"

"வில்மான்தான் தூக்கி விடுவான்."

"வில்மான் இல்லாத அன்னிக்கு?"

ரோசெந்தா வண்டியின் படியைப் பார்த்தாள். பிறகு பாவாடையைச் சுருட்டிக்கொண்டு மூட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "தள்ளி உக்காரு. உனக்கு மட்டும் என்ன இவ்வளவு இடம்?"

பதினொரு மணிக்கு அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள்.

டாக்டர் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார். மூடினார். வில்மானிடம் போனார்.

"வெல்டிங் போட ஆள் இருக்கா?"

வெல்டிங் போடும் செகுந்தோ பட்டறையை விட்டு அலுத்துக்கொண்டே வந்தான். உடைந்த பள்ளி பெஞ்சின் இரும்புக் கால்களை அறுத்தான். வில்மான் மாட்டுச் சங்கிலி கொண்டுவந்தான். இரண்டு மணிக்குப் பழைய படிக்குக் கீழே புதுப் படி தொங்கியது. தரையிலிருந்து இருபத்தாறு. எதெல்வினாவே அளந்தாள்.

மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டாள். பழக்கத்தில் வில்மான் கையை நீட்டிக்கொண்டு வந்தான். அவள் பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு கால், மறு கால். சங்கிலி ஆடியது. ஏறிவிட்டாள். முன்பெஞ்சில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள்.

"இப்ப எடுங்க."

ஊசி இறங்கியது. குழாய் நிறைந்தது. டாக்டர் வண்டியைச் சுற்றி வந்து ஏறப் போனார்.

படியில் ரோசெந்தா நின்றுகொண்டிருந்தாள். அவள் நூற்றிரண்டு சென்டிமீட்டர். புதுப் படியிலும் பழைய படியிலும் ஏறிவிட்டாள், அங்கிருந்து வண்டிக்குள் முழங்கால் எட்டவில்லை.

"எதெல், நடுவுல இன்னொண்ணு வேணும்டி."

"வில்மான், வண்டியை எடுக்காத," என்றாள் எதெல்வினா.

"மூணு மணியாகப் போகுதுக்கா! பனிக்கட்டி உருகிடும்!"

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். ரோசெந்தாவின் முழங்காலைப் பார்த்தார். பிறகு திரும்பி, பட்டறையைப் பார்த்துச் சேற்றில் நடந்தார்.

"செகுந்தோ!" என்று போகும்போதே கத்தினார். "மிஷினை எடுத்து வைக்காதப்பா!"