பின்னால் நின்ற அஃப்ரா

மேற்கு மாம்பலம் அஃப்ராவின் முகம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி மாலை ஆறே முக்காலுக்கு, தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கலங்கிப்போனது. அன்று மல்லிகை முழம் எண்பது ரூபாய். மூக்கு இருந்தது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய திட்டுகள். யாரும் அலறவில்லை. போட்டோக்காரர் லென்ஸை முழுசாகத் திறந்து மணமக்களை எடுக்கும்போது பின்னால் நிற்பவர்கள் கொஞ்ச நேரம் கலங்குவது ஊரறிந்த சங்கதி. பந்தியில் ரசம் வருவதற்குள் சரியாகிவிடும். அஃப்ராவுக்குப் பாயசம் வந்தும் சரியாகவில்லை.

எடுத்தவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் வாஜித். பகலில் வீட்டில் ரவிக்கை தைப்பவள், மாலையில் அவனோடு கல்யாணங்களுக்குப் போய் மணமக்களுக்குப் பின்னால் ஒளிந்து லைட் பிடிப்பாள். பதினோரு வருஷமாக அதுதான் ஏற்பாடு. வாஜித்துக்கு லென்ஸ் பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. 1.4 லென்ஸில் பின்னால் இருக்கும் சீரியல் பல்பு எலுமிச்சம்பழமாகத் தெரிகிறது, 1.2-இல் அதே பழம் ஓரத்தில் நசுங்கித் தெரிகிறது என்று சோற்றில் கை வைத்துக்கொண்டே பேசுவான். 1.4-இல் கலங்கியவர்கள் பந்திக்குள் தெளிவார்கள், 1.2-இல் கலங்கியவர்கள் மறுநாள் பால் பாக்கெட் வரும் நேரத்துக்குத் தெளிவார்கள் என்பதும் அவன் நோட்டில் தேதியோடு இருந்தது. எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், பின்னால் இருப்பது அதிகமாகக் கலங்கும். 0.95-க்கு எவ்வளவு நேரம் என்று யாரும் பார்த்ததில்லை. அதைத்தான் அவன் அன்று சைதாப்பேட்டை புகழேந்தியின் வாடகைக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தான். குனிந்து குனிந்து முட்டி வலிக்கிறது என்று அஃப்ரா சொன்னபோது, "இன்னிக்கு இன்னாத்துக்குக் குனியறே? நிமிந்தே நில்லு. இந்த லென்ஸுல எப்படியும் கரைஞ்சிடுவே," என்றான். அடப்பாவி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கியிருக்கலாம்.

மூன்றாம் நாள் கலங்கல் கழுத்துக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் தோள். வாசலில் தொங்கும் பச்சைத் திரைக்கு முன்னால் நின்றால் அவள் எங்கே முடிகிறாள், திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இடுப்பைத் தாண்டினால் ஆளே சுவரோடு சுவராகிவிடுவாள் என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. வாஜித் பைக்கை எடுத்துக்கொண்டு அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் கண் டாக்டர், தோல் டாக்டர் என்று அலைந்தான். ஒருவர் சொட்டு மருந்து கொடுத்தார், ஒருவர் களிம்பு கொடுத்தார். கடைசியில் புகழேந்திதான் டீயை ஆற்றிக்கொண்டே வழி சொன்னார்: "நைனா, அந்த லென்ஸுல போனது அந்த லென்ஸுலதான் திரும்பி வரும். அதே முழுத் திறப்புல அவ மூஞ்சிய ஷார்ப்பா எடு. ஷார்ப்பா வுழற இடம் மட்டும் ஒட்டிக்கும்."

சொல்வது சுலபம். அந்த லென்ஸில் தெளிவாக விழுவது அரை விரல் கனம். அதையும் கையால்தான் திருகிப் பிடிக்க வேண்டும். கலங்கிய முகத்தில் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டாமா? மொட்டை மாடியில் அவளை உட்காரவைத்து வாஜித் நாள் முழுக்கத் திருகினான். முதல் நாள் இடது காது வந்தது. அடுத்த நாள் அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று வந்தது. மற்றபடி அவளுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கலங்கியது. வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசராகவன் மாடியேறி வந்து, "என்ன வாஜித், ஆத்துச் சுவரெல்லாம் மங்கிண்டே போறதே? நேத்திக்குத்தானே சுண்ணாம்பு அடிச்சேன்!" என்று சலித்துக்கொண்டு இறங்கினார்.

பதினான்காம் நாள் கலங்கல் இடுப்பைத் தொட்டது. அஃப்ரா எழுந்து போய்த் தையல் மெஷினிலிருந்து இஞ்ச் டேப்பைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். "கண்ணால புடிக்க முடியலன்னா அளவெடுங்க. என் மேலுதட்டு மச்சத்துல ஒரு முனைய வையுங்க, கேமராவுல ஒரு முனைய வையுங்க. எத்தினி அடின்னு பாத்து, லென்ஸு வளையத்துல போட்டுக்கீற அதே அடிக்குத் திருகுங்க."

டேப் முனையைப் பிடித்த வாஜித்தின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னா நிக்கறீங்க? எந்தப் பக்கம் கீது என் மச்சம், சொல்லுங்க பாக்கலாம்."

அவனுக்குத் தெரியவில்லை. வலது என்று நினைத்தான், பிறகு இடது என்று நினைத்தான். கம்ப்யூட்டரில் பதினோரு வருஷத்துப் படங்கள், லட்சத்துக்குக் குறையாது. அத்தனையையும் அன்று ராத்திரியும் மறுநாளும் புரட்டினான். மணப்பெண்களின் இமைமுடியை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஒவ்வொரு மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னாலும் ஒரு மங்கலான திட்டு. அஃப்ரா. வாஜித் வெட்கம் தாங்காமல் அழுதான். "அழுவாதீங்க, கை ஆடும்," என்றாள் அவள். அவளுக்குக் கோபம் தீரவில்லை, அதனால் மச்சம் எங்கே என்று சொல்லவும் இல்லை.

ஆகவே அவன் விரலால் தேடினான். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கினான். உதட்டுக்கு மேலே, வலது பக்கம், கடுகளவு மேடு ஒன்று தட்டுப்பட்டது. அங்கே டேப்பை வைத்தான்: மூன்றடி இரண்டங்குலம். மூச்சைப் பிடித்து அமுக்கினான். மச்சம் வந்தது, உதடு வந்தது, அந்த உதடு அவனைத் திட்டவும் ஆரம்பித்தது. அப்பாடா! அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னமும் கண்ணும் கழுத்தும் வந்து, கடைசியில் இடுப்பு வரை முழு ஆளும் வந்து சேர, மார்ச் இரண்டாம் தேதி ஆகிவிட்டது. சுவரை ஸ்ரீனிவாசராகவன் ஈரக்கசிவு என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்.

இப்போது அந்த லென்ஸ் அவர்களுக்கே சொந்தம். கேமரா அஃப்ரா கையில். மணமக்களுக்குப் பின்னால் லைட்டோடு நிமிர்ந்து நிற்பது வாஜித். கல்யாணத்துக்குக் கல்யாணம் அவன் கலங்கிப்போகிறான். வீடு திரும்பியதும் அவள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிறாள். டேப் வைப்பதில்லை. வலது புருவத்துத் தழும்பு, உடைந்த பல், தாடையில் ஷேவிங் விட்டுப்போகும் அந்த ஒரு இடம் எல்லாம் அவளுக்குப் பார்க்காமலே தெரியும். ஏழு க்ளிக்கில் ஆள் முழுசாக வந்துவிடுகிறான். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட உட்காருகிறார்கள்.